உடைமையும் நல்வாழ்வும்: சென்னையின் மேற்குப் புறநகரிலிருந்து ஒரு விசாரணை

கைப்பொருளைக் குறைத்துக்கொண்டால் வாழ்க்கை மேன்மையுறும் என்னும் கருத்து, மேல்நாடுகளில் ஒரு புதிய ஞானமாகப் பிரசாரம் செய்யப்பட்டு, நூல்களாகவும் திரைத்தொடர்களாகவும் இன்று நம் வீடுகளுக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. துறவுக்கென ஓர் அதிகாரமும் அவா அறுத்தலுக்கென மற்றோர் அதிகாரமும் வகுத்த திருக்குறளைப் பள்ளிப் பருவத்திலேயே மனனம் செய்கிற தமிழருக்கு இதில் புதுமை ஏதும் இராது. ஆனால் அதே வள்ளுவர், பொருளீட்டும் முறையை உரைக்கப் பொருள் செயல்வகை என்று 76-ஆம் அதிகாரத்தையும், வறுமையின் கொடுமையை உரைக்க நல்குரவு என்று 105-ஆம் அதிகாரத்தையும் இயற்றினார் என்பதையும் சேர்த்து நினைத்தால், உடைமை குறைவதே நன்மை என்ற ஒற்றைத் தீர்ப்பு நம் மரபில் எங்கும் இல்லை என்பது தெளிவாகும். ஆகவே குறைந்த உடைமை நல்லதா என்று மொத்தமாகக் கேளாமல், யாருக்கு நல்லது, எந்தச் சூழ்நிலையில் நல்லது, எந்தப் பொருள் குறைந்தால் நல்லது என்று பிரித்துக் கேட்பதே நியாயமான விசாரணை முறையாகும்.

இவ்விசாரணைக்குச் சென்னையின் மேற்குப் புறநகரைப் போலப் பொருத்தமான களம் கிடைப்பது அரிது. பொருளைத் துச்சமாக மதித்த அடியார்களின் கதைகள் பிறந்த ஊர்களும், பொருளுற்பத்தியைப் பெருக்குவதே தேசத்தின் கடமை என்று அரசியல் பெரியோர்கள் கூடித் தீர்மானித்த இடமும், அத்தீர்மானத்தின் வழியே எழுந்த ஆலைகளும் பட்டறைகளும், அவற்றின் உழைப்பாளிகள் குடியிருக்கும் தெருக்களும் பூவிருந்தவல்லி, அம்பத்தூர், ஆவடி என்னும் மூன்று ஊர்களைச் சுற்றிச் சில மைல் தூரத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

மூன்று அடியார்கள்

பெரியபுராணம் இயற்றிய சேக்கிழார் பிறந்த குன்றத்தூர், பூவிருந்தவல்லிக்குத் தெற்கே இருக்கிறது. அவர் பாடிய அறுபத்துமூவருள் இருவர் இந்த வட்டாரத்தினர். ஒருவர் திருவேற்காட்டு மூர்க்க நாயனார், மற்றவர் ஆவடிக்கு மேற்கேயுள்ள திருநின்றவூரில் வாழ்ந்த பூசலார். இவ்விருவரோடு, பூவிருந்தவல்லியில் வணிகர் குலத்தில் தோன்றி, மலர்த்தோட்டம் வளர்த்து மாலை தொடுத்து, காஞ்சி வரதராசருக்கு ஆலவட்டம் வீசும் கைங்கரியத்தையே தம் வாழ்வாக ஆக்கிக்கொண்டு, இளமையில் இராமானுசருக்கு வழிகாட்டியாகவும் விளங்கிய திருக்கச்சி நம்பிகளையும் சேர்த்துக்கொண்டால், உடைமையோடு மனிதன் கொள்ளக்கூடிய உறவுக்கு மூன்று மாதிரிகள் நமக்குக் கிடைக்கின்றன.

நம்பிகளின் கதை நேரானது: ஈட்டுவதையே குலத்தொழிலாகக் கொண்ட குடியில் பிறந்தவர், ஈட்டுவதை விட்டுச் சேவையை மேற்கொண்டார். மூர்க்கரின் கதையோ துறவைப் பற்றிய நம் வழக்கமான எண்ணத்தைக் கலைத்துவிடுகிறது. அடியார்களுக்கு நாள்தோறும் அமுதளித்து அதனால் கைப்பொருள் முழுவதையும் இழந்த அவர், எல்லாம் போயிற்று, இனி நிம்மதி என்று அமர்ந்துவிடவில்லை. தாம் முன்பு கற்றிருந்த சூதாட்டத்தில் இறங்கி, உள்ளூரில் எதிராட ஆள் இல்லாமற்போகவே ஊரூராகச் சென்று குடந்தை வரையில் போய், வென்ற பொருளைத் தராமல் மறுத்தவரை உடைவாளால் குத்தவும் துணிந்து, அப்படிக் கிடைத்த பணத்தையும் தாம் தீண்டாமல் சமையற்காரர் கையில் சேர்த்து, அடியார்கள் உண்ட பின்பே தாம் உண்டார் என்கிறது புராணம். அவர் செய்கையின் தர்மாதர்மத்தை விவாதிப்போர் விவாதிக்கட்டும். நம் விஷயத்துக்கு முக்கியமானது, பொருளின் மீது பற்றற்றவருக்கும் பொருளின் தேவை அற்றுப்போகவில்லை என்பதுதான்.

பூசலாரின் கதையை எல்லோரும் அறிவர். சிவனுக்குக் கோயில் எடுக்க விரும்பி, மனத்துக்குள்ளேயே கல்லும் மரமும் சேர்த்து, தச்சரை வருவித்து, நாள் பார்த்து, அடித்தளம் முதல் சிகரம் வரை எழுப்பிக் குடமுழுக்குக்கும் நாள் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் கற்றளிக்கு நாள் குறித்திருந்த காடவர்கோன் கனவில் இறைவன் தோன்றி, நின்றவூரில் அன்பன் எடுத்த கோயிலுக்குத் தாம் செல்ல வேண்டியிருப்பதால் வேறு நாள் பார்க்கச் சொன்னார். அம்மன்னனை இராசசிம்ம பல்லவன் என்றும், அக்கற்றளியைக் கயிலாசநாதர் கோயில் என்றும் ஆராய்ச்சியாளர் கருதுவர். ஒன்றுமில்லாதவன் உள்ளத்தில் கட்டியது அரசன் கல்லில் கட்டியதை வென்றது என்று இக்கதையை உபந்நியாசங்களில் சொல்வது வழக்கம். ஆயினும் அக்கதையின் தொடக்கத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பூசலார் முதலில் பொருளைத் தேடி அலைந்தார். எங்கும் கிடைக்காத பிறகே மனத்தில் கட்டத் தொடங்கினார். பொருளை வெறுத்து ஒதுக்கியவர் அல்லர் அவர், பொருள் மறுக்கப்பட்டவர். அவருடைய பெருமை இல்லாமையில் இல்லை, இல்லாமை தம் நோக்கத்தைக் குறைத்துவிட இடம் கொடாமையில் இருக்கிறது.

இம்மூவரையும் ஒருங்கே வைத்து நோக்கும்போது, அடியார் மரபு போற்றியது சொற்பமான உடைமையை அன்று, உடைமையைவிடப் பெரிய ஒரு காரியத்தை என்று புலப்படுகிறது. புறநானூற்றின் 189-ஆம் பாட்டில் நக்கீரனாரும், அரசனுக்கும் வேட்டுவனுக்கும் உடலின் தேவையில் பேதமில்லை என்று காட்டியபின், ஆகவே எல்லாவற்றையும் துறந்துவிடுக என்று முடிக்கவில்லை. மிகுந்ததைக் கொடுப்பதிலேயே அதற்குப் பிரயோஜனம் உண்டு என்றுதான் முடிக்கிறார்.

ஆவடித் தீர்மானமும் குமரப்பாவின் ஆட்சேபமும்

அடியார்கள் வாழ்ந்த இந்த மண்ணிலேயே, 1955 ஜனவரியில், காமராசர் சென்னை மாநில முதலமைச்சராக இருந்த காலத்தில், யு. என். தேபர் தலைமையில் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடியது. முக்கியமான உற்பத்திச் சாதனங்கள் சமூகத்தின் உடைமையாகவோ அதன் கட்டுப்பாட்டிலோ இருக்கவும், உற்பத்தி படிப்படியாக விரைந்து பெருகவும், தேசத்தின் செல்வம் நியாயமாகப் பங்கிடப்படவும் தக்க சோஷலிச பாணிச் சமுதாயமே திட்டமிடுதலின் இலக்கு என்று அங்கே தீர்மானிக்கப்பட்டது. பொருள் சேர்க்காமையாகிய அபரிக்கிரகத்தை விரதமாகக் கொண்டு, 1921 செப்டம்பரில் மதுரையில் மேலாடையையும் களைந்த காந்தியடிகளின் கட்சி, அவர் மறைந்து ஏழாண்டுகளில் உற்பத்தியைப் பெருக்கும் தீர்மானத்தை நிறைவேற்றியது ஒரு முரண்பாடாகத் தோன்றலாம். தாமே விரும்பி மேலாடையைக் களைந்தவருக்கும், மேலாடை வாங்க வழியில்லாத கோடிக்கணக்கானவருக்கும் உள்ள வேற்றுமையை உணர்ந்தால் முரண்பாடு பெரும்பாலும் மறைந்துவிடும்.

தீர்மானம் ஏட்டோடு நிற்கவில்லை. முருகப்பா குடும்பத்தாரின் டி.ஐ. சைக்கிள் ஆலை 1949-லேயே அம்பத்தூருக்கு வந்திருந்தது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், படையினருக்கு உடை தைக்கும் தொழிற்சாலையும் 1961-ல் தோன்றின. அறுபதுகளின் தொடக்கத்தில் பாடியில் டி.வி.எஸ். குழுமத்தின் ஆலைகள் எழுந்தன. 1964-ல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை அமைந்து, லேத்தும் டிரில்லிங் மெஷினும் வைத்துக்கொண்டு நாலைந்து ஆட்களோடு பாகங்கள் கடைந்து கொடுக்கும் எண்ணற்ற சிறு பட்டறைகளுக்கு இடமளித்தது. இவற்றையெல்லாம் ஊக்குவித்த தலைமுறையின் தலைவரான காமராசரோ, சென்னை திருமலைப் பிள்ளை சாலையில் வாடகை வீட்டில் வாழ்ந்து, 1975 அக்டோபர் 2-ஆம் நாள் சொந்த வீடு இல்லாமலேயே காலமானார். தமக்கு எளிமையும் பிறருக்குப் பொருள் வளமும் என்று ஒருவர் ஒரே சமயத்தில் விரும்புவதில் பிழையில்லை. தமக்குப் பொருள் வளமும் பிறருக்கு எளிமையின் உபதேசமும் என்று கொள்வதே பிழை.

ஆயினும் ஆவடித் தீர்மானம் ஒரு கேள்வியை விடையின்றி விட்டுவிட்டது: உற்பத்தி எதுவரையில் பெருக வேண்டும்? இதற்கு விடை தேட முயன்றவர் தஞ்சையில் 1892-ல் பிறந்து, லண்டனில் கணக்காயர் பயிற்சியும் அமெரிக்காவில் பொருளாதாரக் கல்வியும் பெற்று, பிறகு காந்தியடிகளோடு சேர்ந்து அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்திய ஜே. சி. குமரப்பா. நிலையான பொருளாதாரத்தைப் பற்றிச் சிறையில் இருந்தபோது அவர் எழுதிய நூலில், வாழ்க்கைத் தரம் உயர்ந்தது, தாழ்ந்தது என்று பேசுவதே தவறு என்றும், எளிய வாழ்க்கை, சிக்கலான வாழ்க்கை என்று பகுப்பதே பொருந்தும் என்றும், எளிய வாழ்க்கையே பண்பில் உயர்ந்ததாக இருக்கக்கூடும் என்றும் வாதித்தார். பொருளியலாளர் ஷூமாக்கர் 1973-ல் வெளியிட்டு உலகப் புகழ் பெற்ற நூலில் பௌத்தப் பொருளாதாரத்தை விளக்கும்போது, தொழிலின் இயல்பைப் பற்றி இந்தத் தமிழரின் கருத்தையே எடுத்தாண்டிருக்கிறார் என்பது இங்கே அறியத்தக்கது. குமரப்பாவின் பகுப்பு நமக்கு ஓர் அளவுகோலைத் தருகிறது. ஒரு பொருளின் விலையையும் எண்ணிக்கையையும் பாராமல், அது வந்த பிறகு வாழ்க்கை எளிதாயிற்றா, சிக்கலாயிற்றா என்று பார்க்கச் சொல்கிற அளவுகோல் அது.

ஆராய்ச்சிகள் சொல்வதும் சொல்லாததும்

பொருளும் மகிழ்ச்சியும் பற்றிச் சென்ற ஐம்பதாண்டுகளில் உளவியலாரும் பொருளியலாரும் செய்த ஆராய்ச்சிகள் பல. செல்வத்தையும் உடைமையையும் வாழ்வின் பிரதான இலட்சியமாகக் கருதுகிறவர்கள் மனநலத்திலும் திருப்தியிலும் சற்றே பின்தங்குகிறார்கள் என்று, ஹெல்கா டிட்மாரும் டிம் கேஸர் முதலியோரும் பல ஆராய்ச்சிகளின் முடிவுகளைத் தொகுத்து 2014-ல் வெளியிட்டார்கள். உடைமை குறைந்தால் மகிழ்ச்சி என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவோர் ஒரு நுட்பத்தைக் கவனிப்பதில்லை. அங்கே அளக்கப்பட்டது வீட்டிலிருக்கும் பொருளின் அளவு அன்று, பொருளுக்கு மனத்தில் கொடுக்கப்பட்ட இடம். பரண் நிறையப் பாத்திரம் வைத்திருந்தும் அவற்றை நினையாமல் வாழ்வாரும் உண்டு. ஒற்றைப் பையோடு வாழ்ந்தும் கடைக்கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டாதாரும் உண்டு. தவிரவும், பொருளாசை மனக்குறையை உண்டாக்குகிறதா, வாழ்வில் பாதுகாப்பின்மையை உணர்ந்தவர் பொருளைப் பற்றிக்கொள்கிறாரா என்பதும் எளிதில் பிரித்தறியக் கூடியதன்று.

வருமானம் உயர்ந்தால் மகிழ்ச்சி ஓர் எல்லைக்குமேல் உயராது என்று 2010-ல் கானமனும் டீட்டனும் எழுதினார்கள். ஆண்டுக்கு 75,000 டாலர் என்று அவர்கள் கூறிய எல்லை பெரும் பிரசித்தி பெற்றது. கில்லிங்ஸ்வொர்த் 2021-ல் அதை மறுத்தார். பின்னர் 2023-ல் இருதரப்பாரும் ஒன்றுகூடிச் செய்த ஆராய்ச்சியில், பெரும்பாலோருக்கு மகிழ்ச்சி வருமானத்தோடு ஏறிக்கொண்டே போகிறது என்றும், மிகவும் துயருற்ற ஐந்தில் ஒரு பங்கினருக்கு மட்டுமே அந்த எல்லை பொருந்துகிறது என்றும் கண்டார்கள். பணம் தீர்க்கக்கூடிய துன்பம் ஓரளவுதான். அதற்கப்பாலுள்ள துன்பத்தைப் பணத்தால் தொட முடியாது என்பதே இதன் தாத்பரியம்.

குறைவின் கேட்டை விளக்கும் சிறந்த ஆராய்ச்சிகளில் ஒன்று நம் நாட்டிலேயே செய்யப்பட்டது. விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளின் கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளை, வெட்டுக்கு முன்பு கையில் பணமில்லாத காலத்திலும், வெட்டு முடிந்து பணம் வந்த காலத்திலுமாக இருமுறை சோதித்து, ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் முதலியோர் 2013-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். அதே மனிதர், பணமில்லாத நாட்களில் புத்திக்கூர்மைச் சோதனைகளில் தாழ்ந்தும், பணம் வந்தபின் உயர்ந்தும் காணப்பட்டார். வறுமை, சிந்திக்கும் சக்தியையே ஆக்கிரமித்துக்கொள்கிறது. ஆகையால், அம்பத்தூர்ப் பட்டறைகளில் வேலை செய்யப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து ஓரறையில் பலராகத் தங்கி, ஒரு பையும் ஒரு கைப்பேசியுமே உடைமையாகக் கொண்டு வாழும் தொழிலாளியைக் காட்டி, இவரல்லவோ எளிய வாழ்வினர் என்று வியப்பது அறியாமை. அவர் பொருளைக் குறைத்துக்கொண்டவர் அல்லர், ஊருக்குப் பணம் அனுப்புவதற்காகத் தம்மைக் குறைத்துக்கொண்டவர்.

தாமே வரையறுத்துக்கொண்ட எளிமைக்கும் பிறர் சுமத்திய இல்லாமைக்கும் உள்ள இந்தப் பேதத்தைச் சமணம் நெடுங்காலத்துக்கு முன்பே நுட்பமாக அறிந்திருந்தது. துறவிக்கு முற்றத் துறத்தலையும், இல்லறத்தானுக்கு மிகுபொருள் விரும்பாமையையும் அது வகுத்தது. இல்லறத்தான் எதை எவ்வளவு வைத்துக்கொள்வது என்ற எல்லையைத் தானே நிர்ணயித்து, அதை விரதமாகக் காக்க வேண்டும். அம்பத்தூருக்கு வடகிழக்கே புழலில் உள்ள பழமையான ஆதிநாதர் கோயில், அந்த நெறி இவ்வட்டாரத்திலும் வழங்கியதற்குச் சாட்சி. எல்லை எவ்வளவு என்பதைவிட, எல்லையை வகுப்பவன் யார் என்பதே அங்கு முதன்மையானது.

வீட்டுக்குள் வந்த பொருள்கள்

இனிக் குமரப்பாவின் அளவுகோலைக் கையிலெடுத்து, இவ்வட்டாரத்து வீட்டுப் பொருள்கள் சிலவற்றைப் பரிசீலிக்கலாம். அம்பத்தூரில் உருவான சைக்கிளே முதலில் நினைவுக்கு வருகிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வாயிலாக ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றபோது, அது வெறும் வாகனமாக இராமல் அவர்களுடைய சஞ்சார சுதந்திரமாகவே ஆயிற்று. பெண்கள் சைக்கிள் கடைகளில் தீர்ந்துபோக, பலர் ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். பீகாரில் 2006 முதல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குச் சைக்கிள் தரப்பட்டதன் விளைவை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும், உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் 32 சதவீதம் கூடினார்கள் என்று கண்டார்கள். ஓர் உடைமை கூடியதால் ஒரு வாழ்க்கை விரிந்தது என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான சான்று வேண்டுவதில்லை.

தமிழ்நாட்டு அரசே இவ்விஷயத்தில் இருமுறை பெரும் பரீட்சை நடத்தியிருக்கிறது. 2006-ல் கருணாநிதி அரசு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியையும், 2011-ல் ஜெயலலிதா அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறியையும் இலவசமாக வழங்கத் தொடங்கின. இவை பொதுநன்மையா, வாக்குக்குக் கையூட்டா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 2013-ல் தீர்ப்பாயிற்று. வழக்கின் அரசியலை விலக்கிவிட்டுப் பொருளை மட்டும் நோக்குவோமானால், ஆட்டுக்கல்லில் ஒரு கையால் குழவியைச் சுழற்றி மறு கையால் மாவைத் தள்ளித் தள்ளி நாழிகைக் கணக்கில் அரைத்த பெண்ணுக்குக் கிரைண்டர் அந்த நேரத்தைத் திருப்பிக் கொடுத்தது. தொலைக்காட்சியோ நேரத்தைத் தன்பால் இழுத்துக்கொண்டது. தொலைக்காட்சி உலகத்தை வீட்டுக்குள் கொணர்ந்ததும் மெய்யே. ஆனாலும், காலத்தைத் தரும் பொருள், காலத்தைத் தின்னும் பொருள் என்ற பாகுபாடு, பொருள் அதிகமா குறைவா என்ற பாகுபாட்டைவிட வாழ்வுக்கு நெருக்கமானது. மாதத் தவணையில் வாங்கும் பொருளுக்கு இது இன்னும் பொருந்தும். தவணை தீரும் வரையில் அப்பொருளுக்காக எத்தனை ஓவர்டைம் செய்யவேண்டியிருக்கிறது என்று கணக்கிடுகிறவனுக்கு அதன் உண்மை விலை விளங்கும்.

உபயோகத்தால் மதிப்பிட முடியாத பொருள்களும் உண்டு. கல்யாணத்துக்குச் சீராக வந்த அண்டா, தவலை, குடம், எவர்சில்வர் சம்படம் ஆகியவற்றைப் பரணில் ஏற்றி வைத்திருப்பது நம் வழக்கம். அவற்றின் விளிம்பில் கொடுத்தவர் பெயரும் விசேஷத்தின் தேதியும் பொறிக்கப்பட்டிருக்கும். மாமன் பெயர் பொறித்த சொம்பு, மறு வீட்டு விசேஷத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை நினைவூட்டும் உறவின் கணக்கு. சிகாகோ நகரக் குடும்பங்களில் எந்தப் பொருள் யாருக்கு அருமையானது என்று கேட்டு 1981-ல் நூலாக்கிய சிக்சென்ட்மிஹாயியும் ராச்பெர்க்-ஹால்டனும், மனிதர் போற்றும் பொருள்கள் பெரும்பாலும் விலையால் அன்றி உறவாலும் நினைவாலும் அருமை பெறுகின்றன என்றே கண்டார்கள். அத்தகைய பொருளைக் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டால் பரண் காலியாகும். வாழ்வு நிறைவுறும் என்பதற்கு உறுதியில்லை.

பாத்திரத்தைக் கொண்டாடுவோர் அதைத் துலக்குபவர் யார் என்றும் கேட்க வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸில் நடுத்தரக் குடும்பங்களின் இல்ல வாழ்க்கையை ஆராய்ந்த சாக்ஸ்பியும் ரெபெட்டியும், வீடு பொருள்களால் அடைந்து கிடக்கிறது என்று சொன்ன பெண்களின் உடலில், மாலைக்குள் தணிய வேண்டிய மனஅழுத்தச் சுரப்பு சரிவரத் தணிவதில்லை என்று 2010-ல் எழுதினார்கள்; கணவர்களிடம் அவ்விளைவு அவ்வளவாகக் காணப்படவில்லை. பொருளின் உடைமை குடும்பத்துக்கு, அதன் சுமை பெண்ணுக்கு என்பது லாஸ் ஏஞ்சல்ஸுக்கு மட்டும் உரிய நீதியன்று. ஆயுத பூசைக்கும் பொங்கலுக்கும் பரணிலிருந்து இறங்கிப் புளியிட்டுத் துலக்கப்பட்டு மறுபடி ஏறும் பித்தளையின் கதையை நம் வீட்டுப் பெண்கள் சொல்லக் கேட்டால், குறைத்தல் பற்றிய தீர்மானத்தை எடுக்க யாருக்கு உரிமை என்பதும் விளங்கிவிடும்.

வெள்ளம் வந்தபோது இந்தப் பொருள்களின் தராதரம் வெட்டவெளிச்சமாயிற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்குள் தண்ணீர் புகுந்தது. சோபா நனைந்தவனும் லேத் நனைந்தவனும் பொருளை இழந்தவர்களே. ஆனால் முன்னவன் ஒரு சௌகரியத்தை இழந்தான், பின்னவன் தன் ஜீவனத்தையும் தன்னை நம்பிய நாலைந்து பேரின் ஜீவனத்தையும் இழந்தான். உழைப்புக்கு உதவும் கருவியைக் குறைத்துக்கொள் என்று எந்த ஞானியும் ஏழைக்கு உபதேசித்ததில்லை.

ஏரிக்கரையில் கேன் தண்ணீர்

இதுவரை தனி மனிதனின் வீட்டை மட்டுமே பார்த்தோம். ஆனால் வீட்டுக்குள் எத்தனை பொருள் வேண்டும் என்பதை வீட்டுக்கு வெளியே உள்ள நிலைமையே பெரும்பாலும் நிர்ணயிக்கிறது என்பதை, எளிமையைப் போதிக்கும் இக்கால நூல்கள் கவனிப்பதாகத் தெரியவில்லை. நல்ல நூலகம் நடை தூரத்தில் உள்ளவன் நூல் வாங்காமல் அறிஞனாகலாம். பேருந்தும் ரயிலும் தவறாமல் வருமிடத்தில் உள்ளவன் வண்டி வாங்காமல் எங்கும் போகலாம். இவை இல்லாத ஊரில் இருப்பவனுக்கு எளிமையைப் போதிப்பது, அவனை வீட்டுக்குள் அடைத்து வைப்பதற்கு ஒப்பாகும்.

மேற்குப் புறநகர் ஏரிகளின் நாடு. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, அயனம்பாக்கம் ஏரி, ஆவடியின் பருத்திப்பட்டு ஏரி என்று அடுத்தடுத்து நீர்நிலைகள்; ஒருபுறம் புழல், மறுபுறம் செம்பரம்பாக்கம் என்று மாநகருக்கே குடிநீர் தரும் பெருநீர்த்தேக்கங்கள். இத்தனைக்கும் நடுவே வாழும் குடும்பம் இருபது லிட்டர் கேனில் குடிநீரை விலைக்கு வாங்குகிறது; வசதியுள்ள குடும்பம் சுத்திகரிப்பு யந்திரமும் ஆழ்துளைக் கிணறும் மோட்டாரும் தொட்டியும் வாங்கிச் சேர்க்கிறது. இப்பொருள்களை ஆசையால் வாங்கியதாக யாரும் சொல்ல முடியாது. பொதுவாக இருந்த ஒன்று கெட்டதனால், ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்கிக்கொள்ள நேர்ந்த உடைமைகள் இவை. கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பதை எதிர்த்து ஊர்மக்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போராடியதை, உடைமையைக் குறைப்பதற்கான போராட்டமாகவும் கருதலாம். ஏரி தெளிந்தால் நிலத்தடி நீர் தெளியும். ஆயிரம் வீடுகளில் ஆயிரம் யந்திரங்கள் வேண்டாதனவாகும்.

பொது உடைமை பெருகிய இடத்தில் தனி உடைமையின் நெருக்கடி தணிந்ததற்கும் இவ்வட்டாரமே உதாரணம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் சேவை, ராயபுரத்திலிருந்து ஆவடி வழியாக வாலாஜா ரோடு வரை 1856 ஜூலை முதல் தேதியன்று தொடங்கியது. அத்தடத்தில் ஓடும் புறநகர் ரயிலை நம்பி, வண்டி ஏதும் வாங்காமலே தலைமுறை தலைமுறையாக அம்பத்தூர் வாசிகள் வேலைக்குப் போய் வந்திருக்கிறார்கள். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் கிடைத்திருக்கிறது. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948-ல் சுதந்திர இந்தியாவில் முதன்முதலாக நிறைவேறிய சென்னைப் பொது நூலகச் சட்டம், வீட்டு வரியோடு நூலக வரியையும் சேர்த்து வசூலிக்கும் ஏற்பாட்டைச் செய்தது. ஆகவே அம்பத்தூரிலோ ஆவடியிலோ வீட்டு வரி செலுத்தும் ஒவ்வொருவரும், அறிந்தோ அறியாமலோ, ஒரு நூலகத்தில் பங்கு வாங்கியவரே. தாம் பங்குதாரர் என்பதை மறந்து கிளை நூலகத்தின் பக்கமே போகாமல், வீட்டு அலமாரியை நிரப்புவதற்கு மட்டும் ஒருவர் நூல் வாங்கினால், அது இரட்டைச் செலவு.

ஆவடித் தீர்மானத்தின் மையத்தில் இருந்த சமூக உடைமை என்ற கருத்தை, ஆலைகளோடும் யந்திரங்களோடும் மட்டுமே தொடர்புபடுத்தி நாம் சிந்தித்துவந்தோம். ஏரியும் நூலகமும் விளையாட்டு மைதானமும் நடைபாதையும் சமூக உடைமைகளே என்பதும், அவை வளமாக இருக்குமளவுக்கே தனி மனிதன் சொற்பப் பொருளோடு கண்ணியமாக வாழமுடியும் என்பதும், அத்தீர்மானத்தை இன்று திரும்பப் படிப்பவருக்குத் தோன்ற வேண்டிய பொருள்.

முடிபு

குறைந்த உடைமை நல்வாழ்வுக்குக் காரணம் என்று பொதுவிதி கூற இடமில்லை. வறியவனுக்குக் குறைவு தீங்கு என்பதற்கு வள்ளுவர் முதல் கரும்பு விவசாயிகளின் ஆராய்ச்சி வரை சான்று உண்டு. பொருளை வாழ்வின் இலட்சியமாக வைத்தவனுக்கு அந்த வேட்கை தீங்கு என்பதற்கும் சான்று உண்டு. சைக்கிள், கிரைண்டர், லேத் போன்று உடலுக்கு விடுதலையும் உழைப்புக்கு வலிமையும் தரும் பொருள்களும், உறவைச் சுமந்து நிற்கும் பொருள்களும் கழிக்கத்தக்கவை அல்ல.

கழிக்கத்தக்கவை இருவகை. பிறர் பார்வைக்காக வாங்கியவை ஒன்று; பொது வசதி கெட்டதனால் வாங்க நேர்ந்தவை மற்றொன்று. முன்னதை ஒருவர் தம் மனவுறுதியால், சமண இல்லறத்தானைப் போலத் தமக்குத் தாமே எல்லை வகுத்துக்கொண்டு, இன்றே குறைக்கலாம். அதற்கு எவருடைய அனுமதியும் வேண்டா. பின்னதை எந்த மனவுறுதியாலும் குறைக்க முடியாது. அதற்கு ஏரியைத் தூர்வார வேண்டும், பேருந்தை அதிகரிக்க வேண்டும், நூலகத்தைத் திறந்து வைக்க வேண்டும், இவற்றைச் செய்யாத நகராட்சியையும் மாநகராட்சியையும் கேள்வி கேட்க வேண்டும். தண்ணீர் யந்திரம் வாங்கியவனிடம் ஆசையை அடக்கு என்பதும், ஊர் மெச்ச மாதத் தவணையில் கார் வாங்கியவனிடம் அரசாங்கத்தைக் குறை சொல் என்பதும் ஒரே தவறின் இரு முகங்கள். நம் வீட்டுப் பொருள்களில் எது எவ்வகை என்று பகுத்தறிவது நம் கடமை. பகுத்தறிந்த பிறகு, ஒன்றுக்குத் துறவும் மற்றொன்றுக்கு ஊர்க்காரியமும் வேண்டும்.